பூத்த செவ்வந்தியிலிருந்து துண்டம் எடுத்தல்: கொழும்புத் தொடர்மாடியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

நவராத்திரிக்கு முந்திய வாரத்தில் மொட்டும் மலருமாக ஒரு செவ்வந்திச் சாடியை வாங்கிவந்து பல்கனியில் வைப்பவர்களில் பெரும்பாலானோர், மூன்று நான்கு கிழமைகளில் பூக்கள் பழுத்துச் செடி களையிழந்ததும் அதைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதே செடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு புதிய கன்றுகளை எடுக்கலாம் என்பதைக் கேள்விப்பட்டு முயன்றவர்களும், முயன்று கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். கைவிட்ட காரணத்தைக் கேட்டால், வேர் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் சிலரே. வேர் நன்றாகப் பிடித்தது, ஆனால் செடி விரல் உயரத்தில் பொத்தான் அளவு பூ ஒன்றைப் பூத்துவிட்டு அப்படியே நின்றுபோயிற்று என்று சொல்பவர்கள்தாம் அதிகம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பல்கனியில், மஞ்சள் செவ்வந்தி ஒன்றின் நுனிகளைப் பன்னிரண்டு துண்டங்களாக வெட்டி நட்டேன். பன்னிரண்டும் வேர்விட்டன. பெருமையோடு அயலவருக்கு மூன்றைக் கொடுத்தும் விட்டேன். ஆறு கிழமை கழித்து, என்னுடைய ஒன்பதும் அவர்களுடைய மூன்றும் நான்கு அங்குல உயரத்தில் ஒவ்வொரு பூவை ஏந்திக்கொண்டு நின்றன. அதற்குமேல் ஓர் இலைகூட வரவில்லை. பூக்கத் தொடங்கிவிட்ட செடியில் துண்டம் எடுக்கும்போது வேர்விடுதல் பாதி வேலைதான் என்பதும், பூக்கும் எண்ணத்திலிருந்து அந்தத் துண்டத்தை மீட்டெடுப்பதே மற்றப் பாதி என்பதும் அப்போதுதான் விளங்கின.

கொழும்பின் இரவு

செவ்வந்தி ஒரு குறும்பகல் தாவரம். அது உண்மையில் அளப்பது பகலை அல்ல. இடையறாத இருளின் நீளத்தையே அளக்கிறது. ஏறத்தாழப் பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட தொடர்ச்சியான இருள் நாள்தோறும் கிடைத்தால் அது மொட்டுக் கட்டும். இருள் அதைவிடக் குறைவாக இருந்தால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டிருக்கும். பகலின் நீளம் பூத்தலைத் தீர்மானிக்கும் என்பதை அமெரிக்காவில் கார்னரும் அலார்டும் 1920இல் புகையிலையையும் சோயாவையும் கொண்டு காட்டினார்கள். 1930களில் சோவியத் விஞ்ஞானி சைலக்யான், இந்தச் செவ்வந்தியையே வைத்து, இரவின் நீளத்தை உணர்வது மொட்டு முளைக்கும் நுனி அல்ல, இலைகளே என்று நிறுவினார். இலையில் உருவாகும் ஏதோ ஒரு செய்தி தண்டு வழியாக நுனிக்குச் செல்கிறது என்பது அவருடைய முடிவு. நமது வேலைக்கு இது முக்கியமான செய்தி: நுனியிலுள்ள மொட்டை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டால் போதாது, ஏனெனில் "பூ" என்று சொல்லும் இலைகள் துண்டத்தோடு கூடவே வருகின்றன.

இனிக் கொழும்பைப் பாருங்கள். இங்கே மிக நீண்ட பகல் ஜூன் மாதத்தில் சுமார் பன்னிரண்டரை மணித்தியாலம். மிகக் குறுகிய பகல் டிசம்பரில் சுமார் பதினொன்றேமுக்கால் மணித்தியாலம். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் முக்கால் மணித்தியாலம்தான். ஆகவே வருடத்தின் எந்த மாதத்திலும் கொழும்பின் இரவு செவ்வந்தியைப் பூக்கச் சொல்லும் அளவுக்கு நீண்டதாகவே இருக்கிறது. பதினாறு மணித்தியாலம் பகல் நீளும் கோடையைக் கொண்ட நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் "வேர்விட்ட துண்டத்தை வெளியே வையுங்கள், தானாக வளரும்" என்று முடிந்துவிடுகின்றன. அங்கே வானம் செய்யும் வேலையை இங்கே ஒரு மின்குமிழ் செய்ய வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டதால்தான் என் முதல் பன்னிரண்டும் குள்ளப் பூக்களாயின.

எந்தச் செடி, எந்தத் தளிர்

வெட்டுவதற்கு முன் தாய்ச்செடியைப் பத்து நிமிடமாவது உற்றுப் பார்க்க வேண்டும். இலைகளின் அடிப்பக்கத்தில் அசுகுணி, சிவப்புச் சிலந்திப் பேன், இலைக்குள் வெள்ளைக் கோடுகளாக ஓடும் இலைதுளைப்பான் புழு ஆகியவை இருந்தால், துண்டம் எடுப்பதை ஒத்திவைத்து முதலில் அவற்றைத் தீர்க்க வேண்டும். நட்ட துண்டங்களை மூடிவைக்கும் ஈரமான போத்தலுக்குள் ஓர் அசுகுணி பத்து நாளில் பெருங்குடும்பமாகிவிடும். ஒரே சாடியில் இருக்கும் செடிகளில் ஒன்று மட்டும் காரணமின்றிக் குட்டையாகவும் வெளிறியும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். செவ்வந்தியைக் குட்டையாக்கும் நோய்க்கிருமி ஒன்று வெட்டும் கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியாகவே ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

மொட்டுக் கட்டிய செடியில் எல்லாத் தளிர்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. உச்சியில் இருப்பவை முழுமையாகப் பூவுக்குப் போய்விட்டவை. அவற்றின் இலைக்கக்கங்களிலும், அதாவது இலை தண்டோடு சேரும் மூலைகளிலும், சிறு மொட்டுகளே இருக்கும். கீழே செல்லச் செல்ல அந்த உறுதி குறைகிறது. அடித்தண்டிலிருந்தும், மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கட்டையிலிருந்தும் கிளம்பும் தளிர்கள்தாம் நமக்கு வேண்டியவை. இலையின் வடிவமே இதைக் காட்டிக்கொடுக்கும். செவ்வந்தியின் வளர்ச்சிப் பருவ இலை ஆழமாகப் பிளவுபட்டு அகன்றிருக்கும்; பூவை நெருங்க நெருங்க இலைகள் சிறுத்து, பிளவுகள் குறைந்து, கடைசியில் மொட்டின் கீழ் வெறும் நாக்குப் போன்ற இலைகளாக முடியும். பிளவுபட்ட முழு இலைகளைக் கொண்ட தளிரைத் தேர்ந்தெடுங்கள். நாக்கு இலைத் தளிரைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்துத் தண்டின் முற்றல். தளிரை விரலால் வளைக்கும்போது பயற்றங்காய் முறிவதுபோல் "டக்" என்று முறிந்தால் சரியான பருவம். கம்பிபோல் வளைந்து நின்றால் முற்றிவிட்டது. நசுங்கினால் இன்னும் இளசு, அழுகிவிடும்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். உடனே வெட்டாமல், தாய்ச்செடியின் எல்லாப் பூக்களையும் மொட்டுகளையும் நீக்கி, தண்டுகளை ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு தண்டிலும் நான்கைந்து நல்ல இலைகளை மட்டும் விட்டு, பின்னே விவரிக்கப்படும் இரவு விளக்கின் கீழ் மூன்று நான்கு கிழமை வைத்திருங்கள். விவசாயப் பொருட் கடைகளில் கிடைக்கும் அல்பேட் பசளைக் கலவையைப் பொதியில் குறித்த அளவில் பாதியாகக் கரைத்துக் கிழமைக்கு ஒரு தடவை ஊற்றலாம். இந்தக் காலத்தில் அடியிலிருந்து கிளம்பும் தளிர்கள் பூவின் நினைவு பெரிதும் நீங்கியவையாக இருக்கும். அவை வேர்விடுவதும் விரைவு. ஆனால் செடி நோயால் சாகும் தறுவாயில் இருந்தாலோ, உறவினர் வீட்டில் பார்த்த செடியிலிருந்து அன்றைக்கே இரண்டு கிளை கேட்டு வாங்கினாலோ, காத்திருக்க வழியில்லை. அப்போது இருப்பதில் மிகத் தாழ்ந்த தளிரை எடுத்து, மீட்டெடுக்கும் வேலையைத் துண்டத்திலேயே செய்ய வேண்டும்.

வெட்டும் நாள்

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் பெய்யும் மழையில் இந்த வேலையைத் தொடங்காதிருப்பது நல்லது. நவராத்திரிச் செடி அப்போதுதான் கையில் இருக்கும் என்பது உண்மை. அந்த மாதங்களில் செடியைக் குறைத்து விளக்கின் கீழ் உயிரோடு வைத்திருந்து, மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரியில் வெட்டுங்கள். முதல் நாள் மாலை செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு முன், இலைகள் விறைப்பாக நிற்கும்போது வெட்ட வேண்டும். மதிய வெயிலில் வாடி நிற்கும் தளிரை வெட்டினால் அது பிறகு தலை நிமிர்வதே இல்லை.

கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். புதிய சவர பிளேட் அல்லது கூரான மெல்லிய கத்தி போதும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அதில் பிளேட்டை ஒரு நிமிடம் ஊறவைத்துத் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். ஒரு தாய்ச்செடியிலிருந்து அடுத்த தாய்ச்செடிக்குப் போகும்போது மறுபடியும் இதைச் செய்ய வேண்டும். செவ்வந்திச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும். அப்படிப்பட்டவர்கள் கையுறை அணியலாம்.

துண்டம் ஏழு அல்லது எட்டு சென்ரிமீற்றர் நீளமும் நான்கைந்து கணுக்களும் உள்ளதாக இருக்கட்டும். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். கீழ் மூன்று சென்ரிமீற்றரில் இருக்கும் இலைகளைக் காம்போடு நீக்கிவிடுங்கள். ஊடகத்துக்குள், அதாவது துண்டத்தை நடும் கலவைக்குள், புதையும் இலை அழுகலுக்கு அழைப்பு. மேலே இரண்டு மூன்று இலைகள் போதும். அவை மிக அகன்றிருந்தால் பாதியாக வெட்டலாம் என்பார்கள். எங்கள் ஊரின் ஈரப்பதனில் அதற்கு அவசியம் இல்லை என்பது என் எண்ணம், வெட்டிய விளிம்பு கறுப்பதுதான் மிச்சம்.

இப்போது மொட்டுகளை நீக்கும் கட்டம். இதில்தான் கவனம் மிக வேண்டும். பூவுக்குப் போன துண்டத்தில் உச்சி மொட்டைக் கிள்ளுவது எளிது. அதற்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் குண்டூசித் தலை அளவில் அரும்புகள் இருக்கும். அவற்றில் பூவாகப் போகிறவை உருண்டு, மேற்புறம் தட்டையாக, சிறு பொத்தான் போலிருக்கும். இலைக்கிளையாகப் போகிறவை ஒடுங்கி, கூராக, மடித்த குட்டி இலை நுனியோடு இருக்கும். உருண்டவற்றை ஊசி நுனியால் எடுத்துவிடுங்கள், கூரானவற்றைத் தொடாதீர்கள். ஆர்வக் கோளாறில் எல்லா அரும்பையும் சுரண்டிவிட்டால், அந்தத் துண்டம் வேர்விடும், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும், ஆனால் வளர்வதற்கு அதனிடம் ஒரு நுனியும் இராது. அப்படி ஒரு குருட்டுத் துண்டத்துக்கு நான் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கூரான அரும்பு இரண்டாவது இல்லாத துண்டத்தை நடவே வேண்டாம்.

வேர்த்தூள், ஊடகம், பாத்திரம்

வேர்விடும் ஓமோன் தூள் கிடைத்தால், இந்தோல் பியூட்டிரிக் அமிலம் 0.1 சதவீதம் கொண்டது இத்தகைய மென்தண்டுகளுக்குப் பொருந்தும். மரத்தண்டுகளுக்கான கூடிய செறிவுத் தூள் செவ்வந்தியின் அடியைக் கருக்கிவிடும். தூளைச் சிறு மூடியொன்றில் கொட்டி, துண்டத்தின் அடியை ஒரு சென்ரிமீற்றர் தொட்டு, அதிகப்படியானதைத் தட்டிவிடுங்கள்; மீந்த தூளைத் திரும்பப் போத்தலில் போடாதீர்கள். தூள் இல்லாமலும் செவ்வந்தி வேர்விடும். ஆனால் பூவுக்குப் போன தண்டு தன் உணவைப் பூவுக்கே ஒதுக்கி வைத்திருப்பதால் வேர்விடச் சோம்பல்படும். அதற்குத் தூள் உதவுகிறது. தேன், கற்றாழைச் சாறு, கறுவாத்தூள் என்று வீட்டுக்கு வீடு ஒரு மருந்து சொல்வார்கள். கற்றாழையால் தீங்கு எதையும் நான் காணவில்லை. தேன் எறும்பைத்தான் கொண்டுவந்தது.

ஊடகத்துக்குத் தென்னந்தும்புச் சோறும் ஆற்று மணலும் சம பங்கு. தும்புச் சோற்றில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து மூன்று முறை பிழிந்து தண்ணீரை மாற்றினால்தான் அது துண்டத்துக்கு ஏற்றதாகும். மணலுக்குப் பதிலாகக் கருக்கிய உமியும் சேர்க்கலாம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புகையிரதப் பாதையைக் கடந்தால் மணல் இலவசம் என்ற எண்ணம் வரும், கடற்கரை மணல் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அதில் நம்பிக்கை வைக்க முடியாது. கலவையின் மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டால் பங்கசு வித்திகள் ஓரளவு குறையும். பசளையோ கூட்டெருவோ இந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது. ஒரு பிடி கலவையைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி தண்ணீர் வர வேண்டும். ஓடினால் ஈரம் மிஞ்சிவிட்டது.

யோகட் கோப்பை மிகச் சிறந்த பாத்திரம். அடியில் சூடான கம்பியால் நான்கு துளை இட்டு, கலவையை நிரப்பி, பென்சிலால் மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி செய்து, துண்டத்தை இறக்கி, இரு விரல்களால் மெதுவாக அமுக்குங்கள். துண்டத்தையே ஆணிபோல் குத்தி இறக்கினால் தூள் முழுவதும் மேலேயே வழிந்துவிடும். கோப்பைக்கு ஒரு துண்டம். ஒன்று அழுகினால் மற்றது தப்பும். கோப்பையில் நிறத்தையும் திகதியையும் எழுதிவைக்க மறக்க வேண்டாம். மஞ்சளும் வெள்ளையும் இலையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூடுவது எப்படி என்பதில் கொழும்பின் காலநிலைக்கு ஏற்பச் சிறு மாற்றம் தேவை. வறண்ட நாட்டவர்கள் பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. நான் ஒரு முறை மழைக்காலத்தில் அப்படிக் கட்டி வைத்து, ஐந்தாம் நாள் திறந்தபோது எட்டுத் துண்டங்களும் சாம்பல் நிறப் பூஞ்சணம் போர்த்திக் கிடந்தன. ஆகவே ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி விடுங்கள். அந்த வாய் போதுமான காற்றைத் தரும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் முழுவதும் எடுத்து வையுங்கள். அறைக்குள் மின்விசிறி தொலைவில் மெதுவாகச் சுழல்வது நல்லது.

செவ்வந்தி வேர்விட விரும்பும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவு. நமக்கோ நள்ளிரவிலும் அதற்குமேல்தான். செய்யக்கூடியது, மேலும் சூடாகாமல் பார்த்துக்கொள்வதே. கோப்பைகளை மாபிள் தரையிலோ, ஈர மணல் பரப்பிய மண் தட்டிலோ வையுங்கள். கிழக்குப் பல்கனியின் உட்சுவரோரம் நல்ல வெளிச்சம் இருக்கும், நேர் வெயில் விழாது, அதுவே இடம். மேற்குப் பல்கனி கடற்காற்றுக்கு நன்று, துண்டத்துக்கு அல்ல. மாலை வெயிலில் போத்தலுக்குள் வெந்துவிடும். குளிரூட்டியின் வெளிப்பெட்டி இருக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

இரவு விளக்கு

துண்டத்தை நட்ட முதல் இரவிலிருந்தே இது தொடங்க வேண்டும். இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது, இருளை நடுவில் உடைப்பது. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை துண்டங்களுக்கு மேல் ஒரு விளக்கை எரியவிட்டால், பன்னிரண்டு மணித்தியால இரவு நான்கு மணித்தியாலம் கொண்ட இரு துண்டுகளாகிவிடும். செடி அதை இரண்டு குட்டி இரவுகளாகவே கணக்கிடும். இதற்குப் பெரிய ஒளி தேவையில்லை. 9 வாட் எல்.ஈ.டி மின்குமிழ் ஒன்றை, மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் வாங்கி, ஒரு மீற்றருக்கு மிகாத உயரத்தில் தொங்கவிட்டால் ஒரு மேசை அளவு இடத்துக்குப் போதும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் வீதம் மாதத்துக்கு ஓர் அலகு மின்சாரத்துக்குச் சற்று அதிகமாகச் செலவாகும், அவ்வளவுதான். நள்ளிரவில் எழுந்து ஆளி போட யாராலும் முடியாது என்பதால் ரைமர் ஒன்று வாங்க வேண்டும்.

இரண்டாவது முறை, மாலையை நீட்டுவது. கொழும்பில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.50க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது. அந்தி மங்குவதற்கு முன்பே விளக்கைப் போட்டு இரவு பதினொரு மணிவரை எரியவிட்டால், விடியும்வரை ஏழு மணித்தியால இருள்தான் மிஞ்சும். ரைமர் இல்லாதவர்கள் கோப்பைகளைத் தட்டோடு தூக்கி, இருப்பறையில் வாசிக்கும் விளக்கின் கீழ் வைத்து, படுக்கப் போகும்போது மறுபடியும் பல்கனியில் வைக்கலாம். பன்னிரண்டு துண்டம்வரை இது சிரமமாகத் தெரியாது.

எந்த முறையானாலும் தொடர்ச்சி முக்கியம். ஓர் இரவு தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு கிழமை தவறினால் செடி பூவின் பக்கம் திரும்பிவிடும். 2022இல் மின்வெட்டு நீண்ட நாட்களில் இதை அனுபவத்தில் அறிந்தேன். விளக்கு எரியாததைவிட வேறொன்றுதான் என்னை ஏமாற்றியது: பல் சுற்றும் ரைமர் மின்சாரம் நிற்கும் நேரமெல்லாம் தானும் நின்றுவிடும். மின்வெட்டு சேரச் சேர அதன் கடிகாரம் பின்தங்கி, கடைசியில் என் விளக்கு காலை எட்டு மணிக்கு வெயிலில் எரிந்துகொண்டிருந்தது. மின்கலம் உள்ள டிஜிட்டல் ரைமர் வாங்குங்கள், அல்லது ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நேரத்தைத் திருத்துங்கள்.

அயலவருக்கும் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது. "தம்பி, இரவு ஒரு மணிக்கும் உங்கட பல்கனியில லைற் எரியுது, நித்திரை கொள்ளுறேல்லையோ?" என்று எதிர்வீட்டு அன்ரி கேட்ட பிறகு, கடதாசி மட்டையால் விளக்குக்கு ஒரு குடை செய்து மாட்டினேன். ஒளி கீழே குவிந்ததால் செடிக்கும் நன்மைதான்.

காத்திருக்கும் நாட்கள்

முதல் மூன்று நாட்கள் துண்டம் சற்றுத் துவளும். மாலையில் துவண்டு காலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. ஏழாம் நாளளவில் வெட்டிய இடத்தில் வெண்மையான தடிப்பு உண்டாகும். வளர்ச்சித் தளிரில் பத்து முதல் பதினான்கு நாட்களில் வேர் வரும். பூவுக்குப் போன தளிருக்கு மூன்று கிழமைவரை பொறுக்க வேண்டும். தினமும் இழுத்துப் பார்க்கும் கைக்குத் தப்பிய துண்டங்களே வேர்விடும். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு இலையை இரு விரலால் பிடித்து இலேசாக மேலே தூக்குங்கள். ஊடகம் பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது.

அடி கறுத்து மென்மையாகி, அந்தக் கறுப்பு மேலே ஏறினால் அந்தக் கோப்பையை உடனே அகற்றுங்கள். கறுப்பை வெட்டிவிட்டு மறுபடியும் நட்டுப் பார்க்கும் இரக்கம் மற்றத் துண்டங்களுக்கு ஆபத்து. கீழ் இலை ஒன்று மஞ்சளாகி உதிர்வது இயல்பு. ஊடகம் மேலே காய்ந்தால் மட்டும் கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் ஐந்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள்.

இந்த நாட்களில் விளக்கு எரிந்தும் புதிய மொட்டு ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அவை வெட்டுவதற்கு முன்பே முடிவானவை. முறை தவறிவிட்டதென்று எண்ணாமல் கிள்ளிவிடுங்கள். அதன் பிறகு வரும் முதல் இலைகள் விசித்திரமாக, பிளவில்லாமல், சிறு கரண்டிபோல் இருக்கும். அடுத்தடுத்த இலைகளில் பிளவுகள் ஆழமாகத் தொடங்கினால் துண்டம் மீண்டு வந்துவிட்டது என்று பொருள். நட்டதிலிருந்து இதற்கு நான்கு முதல் ஆறு கிழமை ஆகலாம்.

சாடிக்கு மாற்றிய பின்

வேர்கள் கோப்பையின் துளைகளில் வெளியே தெரியத் தொடங்கியதும் நான்கு அங்குலச் சாடிக்கு மாற்றலாம். மண், கூட்டெரு, தும்புச் சோறு மூன்றும் சம அளவு போதுமானது. ஒரு கிழமை நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்கி, அதன்பின் பசளைக் கரைசலைத் தொடங்குங்கள். ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் மூன்று நான்கு கிளைகள் பிரியும். கடையில் வாங்கும் சாடிச் செவ்வந்திகளுக்குப் பெரும்பாலும் வளர்ச்சியைக் குறைக்கும் மருந்து தெளித்திருப்பார்கள்; உங்கள் கன்று தாயைவிட உயரமாக, சற்று ஒல்லியாக வளர்ந்தால் அது வேறு இனமாக மாறிவிடவில்லை. இன்னொரு தடவை கிள்ளினால் புதராகும்.

கிளைகள் ஒரு சாண் நீளமானதும் விளக்கை நிறுத்துங்கள். அன்றிலிருந்து கொழும்பின் இயல்பான இரவே அதைப் பூக்க வைக்கும். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிரில் எட்டு ஒன்பது கிழமையில் பூப்பது, இங்கே இரவு வெப்பத்தால் இன்னும் இரண்டு மூன்று கிழமை பிந்தும். ஒக்டோபர் தொடக்கத்தில் வரும் நவராத்திரிக்குப் பூ வேண்டுமானால் ஜூலை நடுப்பகுதியில் விளக்கை அணைக்க வேண்டும். அணைத்த பின் உண்மையான இருள் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். காலி வீதித் தெருவிளக்கு நேராக விழும் பல்கனியில் மாதக்கணக்கில் மொட்டே கட்டாத செவ்வந்தியைப் பார்த்திருக்கிறேன். அதைப் பின்பக்க யன்னலோரம் மாற்றிய பிறகே மொட்டு வந்தது.

இந்த விளக்கு வேலை எல்லாப் பூச்செடிகளுக்கும் தேவையில்லை. செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, கடதாசிப்பூ ஆகியவற்றில் மொட்டை நீக்கிவிட்டுத் துண்டம் நட்டால் போதும், அவை தானாகவே இலைக்குத் திரும்பும். தண்டு முற்றலாக இருப்பதால் நாள் மட்டும் கூட எடுக்கும். துளசியின் கதிர்களைக் கிள்ளிவிட்டுத் தண்டை ஒரு குவளைத் தண்ணீரில் வைத்தாலே இரண்டு கிழமையில் வேர் காணலாம். நத்தார்க் காலத்தில் வாங்கும் சிவந்த இலைப் பொயின்செற்றியா மட்டும் செவ்வந்தியின் குணம் உடையது; அதற்கும் விளக்கு வேண்டும், வெட்டியதும் பால் வடிவதை நிறுத்த அடியைத் தண்ணீரில் கழுவவும் வேண்டும்.

வேர்விட்ட கன்றுகளில் மிகத் திடமான ஒன்றை ஒருபோதும் பூக்கவிடாதீர்கள். மற்றவற்றுக்கு விளக்கை அணைக்கும் நாளில் அதை மட்டும் பிரித்தெடுத்து, விளக்கின் கீழேயே வைத்திருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் நுனிகளை வெட்டி நட்டு, பழைய தாயின் இடத்தில் புதியதை வையுங்கள். அடுத்த தடவை பூவுக்குப் போன தண்டோடு போராட வேண்டியிராது.